இடக்கைப் புகையிலை

“காட்டுக்கோ? கரடியைப் பாக்கப் போறமோ, இல்லாட்டிக் கரடிக்குச் சாப்பாடாப் போறமோ?”

“பிக்னிக் மாமி. சும்மா ஒரு பிக்னிக்.”

“பிக்னிக்குக்கு ஏன் மூண்டு மணித்தியாலம் ஓடவேணும்? கர்க்லாண்டில எங்கட வீட்டுக்குப் பின்னால பார்க் இல்லையோ? மேசை கிடக்கு, வாங்கு கிடக்கு, கக்கூசும் கிடக்கு.”

வான் இன்னும் எங்கள் வீடு இருக்கிற வில்லரேயை விட்டு வெளிக்கிடவே இல்லை. கௌரி மாமி முன் சீற்றில், மடியில் மீன் கட்லட் பெட்டி, கையில் குடை. ஓட்டுவது அவருடைய மகன் மிதுசன். பின்னால் அப்பாவும் நானும். மாமி அப்பாவின் அக்கா. அப்பாவைக் கனடாவுக்கு எடுத்தவர் அவர்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கதிரை வாங்குவதென்றாலும் கர்க்லாண்டுக்கு ஒரு போன் போய்த்தான் கதிரை வரும்.

சரி, உங்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது பிக்னிக் இல்லை.

நான் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள கல்லூரியில் மரமும் மண்ணும் படிக்கிறேன். வடக்கே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த கிழமையே பாதி வில்லரே அங்கே போய் பார்பிக்யூ போடும். பூங்கா என்றதும் பூவும் புல்லும் நினைக்காதீர்கள். பாறை, சேறு, முள், ஏரி, திரும்பவும் பாறை. கோடை முழுவதும் அங்கேயே தங்கி, பாதை வெட்டி, செடிகளைக் கணக்கெடுக்கிற வேலை ஒன்று எனக்குக் கிடைக்கிற மாதிரி இருந்தது. அந்த வேலையை நினைத்து நினைத்து நான் பனிக்காலம் முழுக்க ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை.

அம்மா ஓம் என்றுவிட்டார். அப்பா வழக்கம்போல “அக்காட்டைக் கேள்” என்றார். அக்காட்டை நேரே கேட்டால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். “குமர்ப்பிள்ளையைக் காட்டில விடுறதோ?” அதோடு கதை முடிந்தது. ஆகவே இடத்தைக் காட்டி, கட்லட் சாப்பிடவிட்டு, மாமியின் முகம் கொஞ்சம் இளகுகிற நேரமாகப் பார்த்து மெல்லக் கேட்பது என்பது என் திட்டம். மிதுசனுக்கு மட்டும் தெரியும். அவன் என் பக்கம். மாமியோடு இருக்கிற எவரும் கடைசியில் என் பக்கம்தான்.

இன்னொரு சிக்கல் என் ஜக்கெற் பொக்கற்றுக்குள் இருந்தது. புகையிலை.

அந்த வேலைக்குப் பொறுப்பானவர் பெயர் ஷான்டால். அனிஷினாபே என்கிற பூர்வகுடி இனத்தவர். பூங்கா என்று ஒன்று வருவதற்கு முன்பே அவருடைய ஆட்கள் இருந்த இடம் அது. அவர் போனில் பிரெஞ்சில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்: “வீட்டு ஆக்களையும் கூட்டிக்கொண்டு வா. பிள்ளையைக் கேக்கிறதெண்டால் வீட்டு ஆக்களிட்டைத்தானே கேக்கவேணும். வரேக்க ஒரு பிடி புகையிலை கொண்டு வா. இஞ்ச எதையும் கேக்க முதல் நாங்கள் அதைத்தான் குடுப்பம்.”

உடனே டெப்பனருக்கு, அதுதான் மூலைக்கடைக்கு, ஓடினேன். எல்லாம் சிகரெட் பெட்டி. மரியாதையாகக் கொடுக்கவேண்டிய இடத்தில், சிகரெட்டைப் பிரித்துத் தூளை அள்ளிக் கொடுப்பதா? அப்போதுதான் அப்பாவின் பனிச்சப்பாத்து ஞாபகம் வந்தது.

அப்பா வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர். போட்டவர். பல் டொக்டர் அவருடைய வாயைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்த நாளில், மாமி அவரை முருகன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சத்தியம் செய்வித்தார். அதற்குப் பிறகு அப்பா அதைத் தொடவில்லை என்று மாமி நம்புகிறார். ஆனால் அலுமாரிக்குள் இருக்கிற இடதுகால் பனிச்சப்பாத்துக்குள், தமிழ்ப் பேப்பரில் சுற்றி, ஸ்காபரோவில் இருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த பாகில் ஊறி மணக்கிற நல்ல பாணிப் புகையிலை ஒரு முறுக்கு எப்போதும் இருக்கும். எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். சப்பாத்துக்கும் தெரியும்.

அதைத்தான் எடுத்தேன். யாழ்ப்பாணத்துச் சரக்கு, சிகரெட்டைவிட மரியாதையாக இருக்கும் என்று நினைத்தேன். பயணத்தன்று விடிய எழும்பி அப்பா சப்பாத்துகளைத் தலைகீழாகக் கொட்டிக்கொண்டு நின்றபோது, வாசலில் நின்ற மாமி கேட்டார்.

“ஜூன் மாசத்தில பனிச்சப்பாத்துக்குள்ள என்னடா தேடுறாய்?”

“சொக்ஸ் அக்கா.”

“காலில கிடக்கிறது என்ன?”

அப்பா குனிந்து பார்த்தார். “ஓம் என்ன,” என்றார்.

பூங்கா வாசலில் இறங்கியதும் கறுப்பு ஈக்கள் எங்களை வரவேற்றன. மாமி குடையை விரித்து இடமும் வலமும் வீசினார். ஷான்டால் றப்பர் பூட்ஸோடும் பூங்காச் சீருடையோடும் வந்து கை கொடுத்தார். நாற்பது வயது இருக்கும். சிரிப்பு முதலில் வரும், ஆள் பிறகு வருவார்.

“பொன்ஷூர்,” என்றார் மாமி. “மெர்சி,” என்றும் சேர்த்துக்கொண்டார். மாமியின் பிரெஞ்சு அந்த இரண்டோடு முடிந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வங்கிக்குப் போனாலும் மொழிபெயர்க்க நானோ மிதுசனோ கூடப் போகவேண்டும். அப்பாவுக்கு றெஸ்ரோறன்ற் குசினிப் பிரெஞ்சு தெரியும்: வெங்காயம், கெதியா, சுடுது, கவனம். ஆகவே அன்று எல்லாவற்றுக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

நடந்தோம். பாதை என்று ஒன்று இருந்தது, ஆனால் அதற்கு அது பாதை என்று தெரிந்திருக்கவில்லை. வேருக்கு மேலால் ஏறி, சேற்றுக்குள் இறங்கி, பாறையில் தவழ்ந்து போனோம்.

“கரடி வந்தால் என்ன செய்யிறதாம், கேள் பிள்ளை.”

கேட்டேன். ஓடவேண்டாம், அமைதியாகக் கதைத்துக்கொண்டு பின்பக்கமாக விலகவேண்டும் என்றார் ஷான்டால்.

“அமைதியாக் கதைக்கவேணுமாம் மாமி.”

“அப்ப அம்மாவின்ர கதை முடிஞ்சுது,” என்றான் மிதுசன்.

“நீ வாயை மூடடா. கரடி வந்தால் கட்லட்டை எறிஞ்சிட்டு உன்னையும் எறிவன்.”

அப்பாவின் வாய் சும்மா மென்றுகொண்டே இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லாமல். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் வேலை முக்கியம்.

ஒரு மேட்டில் மூச்சு வாங்க நின்றபோது, இதுதான் நேரம் என்று நினைத்து மெல்லத் தொடங்கினேன்.

“வடிவான இடம் என்ன மாமி? இஞ்ச வேலை செய்யிற ஆக்கள் குடுத்துவச்ச ஆக்கள்.”

மாமி மரங்களைப் பார்த்தார். நெடுக, உள்ளே உள்ளே, இருட்டாகிக்கொண்டு போகிற மரங்கள்.

“காடு எண்டால் எனக்கு ஒளிக்கிற இடம், பிள்ளை,” என்றார். “உன்ர கொப்பனைக் கையில பிடிச்சுக்கொண்டு வன்னிக்குள்ளால வந்தனான். சத்தம் போட்டிடுவான் எண்டு வாயைப் பொத்திக்கொண்டு. காட்டில போய்ச் சந்தோசமா நிக்கலாம் எண்டு எனக்கு ஆரும் சொல்லித்தரேல்லை.”

என் திட்டம் அந்த இடத்தில் ஒரு காலை உடைத்துக்கொண்டது.

பிறகு ஏரிக்கரைக்கு வந்தோம். தண்ணீருக்குள் இருந்து நேராக எழும்புகிற ஒரு பாறை. அதன் முகத்தில் காவிச் சிவப்பில் பழைய சித்திரங்கள்: ஒரு படகு, அதற்குள் ஆட்கள், பக்கத்தில் கொம்பு வைத்த ஏதோ ஒன்று. மிதுசன் போனை எடுத்தான். ஷான்டால் கையைக் காட்டி, படம் எடுக்கவேண்டாம், கண்ணால் மட்டும் பார் என்றார். தன் பாட்டனார் காலத்தில் இங்கே குடிசைகள் இருந்தன என்றும், பூங்காவாக்கியபோது அவர்களைக் குடியெழுப்பிவிட்டார்கள் என்றும், இப்போது வாசல் திறப்பு தன்னிடம்தான் என்றும் சொன்னார். இடுப்பில் கிடந்த திறப்புக் கோர்வையைக் கிலுக்கிக் காட்டிச் சிரித்தார்.

நான் மொழிபெயர்த்தேன். மாமி குடையைத் தோளில் சாத்தினார்.

“ஆமி எடுத்த எங்கட வயாவிளான் காணி மாதிரி. எனக்குத் திறப்புத்தான் வரேல்லை.”

நான் அதையும் மொழிபெயர்த்தேன். ஷான்டால் மாமியைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, “கொண்டு வந்தனியோ?” என்று கேட்டார்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். எல்லாம் இந்த இடத்தில்தான் நடந்தது.

பொக்கற்றுக்குள் இருந்து புகையிலையை எடுத்து நீட்டினேன். நான் இடக்கைக்காரி. பிறந்ததில் இருந்தே. எழுதுவது, பந்து எறிவது, கதவு திறப்பது எல்லாம் அந்தக் கைதான். மாமி அந்தக் கையில் அடித்த அடிகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு மத்தளக் கச்சேரி வைத்திருக்கலாம். மாமியைப் பற்றிச் சொல்லவேண்டும்: சோத்துக்கையில் பாரமான பை இருந்தால், பையைச் சேற்றில் வைத்துவிட்டாவது அந்தக் கையால்தான் விபூதி வாங்குவார்.

“எடியே! பெரிய மனிசிக்கு இடக்கையாலயோ குடுக்கிறது? சோத்துக்கையால குடு!”

பழக்கத்தில் கை தானாக மாறியது. ஷான்டால் என்ன பிரச்சினை என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிசிரியென்று சிரித்தார்.

“எங்கட வீட்டில இதை இடக்கையாலதான் குடுப்பம், இடக்கையாலதான் வாங்குவம். அந்தப் பக்கம்தானே இதயம் இருக்கு. உன்ர கை பிழையில்லை, நீ சரியாத்தான் பிறந்திருக்கிறாய்.”

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! வாழ்நாள் முழுக்கத் தோற்ற வழக்கில் காட்டுக்குள் ஒரு நீதிபதி வந்து என் பக்கம் தீர்ப்புச் சொன்ன மாதிரி. மாமிக்கு அதைப் படித்துப் படித்து மொழிபெயர்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் அதற்குள் காற்று மாமியின் பக்கம் வீசிவிட்டது.

மாமியின் மூக்கு மேலே எழும்பியது.

“உது என்ன?”

“புகையிலை மாமி. இவையின்ர முறை.”

“முறை கிடக்கட்டும். உது பாணிப் புகையிலையல்லோ. இந்தச் சாமான் உனக்கு எங்கால?”

அப்பாவின் கண் பேப்பரில் விழுந்தது, பிறகு என்னில் விழுந்தது. நான் உண்மையைச் சொன்னால் முருகன் கோயில் சத்தியம் காற்றில் போகும். சொல்லாவிட்டால் நான் புகையிலை போடுகிற பிள்ளையாகி, கோடை முழுக்க வீட்டுக்குள் கிடக்கவேண்டியதுதான்.

“கேக்கிறன் பிள்ளை, எங்கால?”

“அக்கா,” என்றார் அப்பா. “அது என்ர. பனிச்சப்பாத்துக்குள்ள இருந்தது.”

“சொக்ஸ் எண்டாய்?”

“சொக்ஸ் மாதிரித்தான் சுத்தி வச்சிருந்தனான்.”

மிதுசன் சிரிப்பை அடக்க முடியாமல் ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மாமி அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக்கு வா, பேந்து கதைக்கிறன் என்கிற பார்வை. அப்பாவோ, என்னைக் காப்பாற்றியதிலோ சுமை இறங்கியதிலோ தெரியவில்லை, காலையில் இருந்து முதல் தடவையாக நிமிர்ந்து நின்றார்.

இவ்வளவும் நடக்கும்போது ஷான்டால் தன் பாட்டில் இருந்தார். என்னிடம் வாங்கிய புகையிலையை முகர்ந்து, “இது வேற ரகமா இருக்கே!” என்று ஆச்சரியப்பட்டு, ஒரு கிள்ளுக் கிள்ளிப் பாறையடியில் வைத்து, தன் மொழியில் ஏதோ சொன்னார். பிறகு மிச்சத்தைப் பேப்பரோடு இடக்கையில் ஏந்திக்கொண்டு மாமிக்கு முன்னால் வந்து நின்றார். யார் முடிவெடுக்கிற ஆள் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் குடையைப் பார்த்தாலே தெரியும்.

அவர் பிரெஞ்சில் சொன்னது இதுதான்: “உங்கட பிள்ளையைக் கோடை முடியுமட்டும் என்னோட வேலைக்கு விடுவீங்களோ எண்டு கேக்கிறன். இதை வாங்கினால் ஓம் எண்டு அர்த்தம். விருப்பமில்லையெண்டால் வாங்கவேண்டாம், நான் கோவிக்கமாட்டன்.”

மாமி என்னைப் பார்த்தார். “என்னவாம்?”

உங்களுக்கு முன்னால் மறைக்க என்ன இருக்கிறது? நான் சொன்ன மொழிபெயர்ப்பு இது:

“மரியாதைக்குத் தாறாவாம் மாமி. நீங்கள் மூத்த ஆள் எண்டபடியால் மிச்சம் உங்களுக்காம்.”

மாமி புகையிலையைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். பாறையில் இருந்த படகைப் பார்த்தார். பிறகு குடையைப் பிடித்தபடியே மற்றக் கையை நீட்டி வாங்கி, அப்படியே கைப்பைக்குள் வைத்தார்.

“மெர்சி,” என்றார்.

நான் குதித்தேன். உண்மையாகவே குதித்தேன், ஒரு கால் சேற்றுக்குள் போனது. “மாமி! அதை வாங்கினால் ஓம் எண்டு அர்த்தம்! நான் இஞ்ச வேலைக்கு வரலாம்! கோடை முழுக்க!”

“என்னடி சொல்லுறாய்?”

“வெத்திலை மாத்தின மாதிரி மாமி. கேட்டவ, நீங்கள் வாங்கிட்டியள். முடிஞ்சுது.”

இடி விழும் என்று நானும் மிதுசனும் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றோம். மாமி கைப்பையைத் திறந்தார். உள்ளே பார்த்தார். மூடினார்.

“வாங்கினதைத் திருப்பிக் குடுக்கிற பழக்கம் எங்கட ஆக்களிட்டை இல்லை,” என்றார். “ஆனா ஞாயிற்றுக்கிழமையில போன் எடுக்கவேணும். போன் வேலை செய்யாட்டி மரத்தில ஏறி நிண்டு எடுக்கவேணும். அந்தப் பொம்பிளைக்கும் சொல்லு.”

சொன்னேன். ஷான்டால் தலையாட்டினார். ஏறுவதற்கு நல்ல மரம் ஒன்று தன்னிடம் இருக்கிறது என்றார். கட்லட் பெட்டி திறக்கப்பட்டது. அவர் இரண்டாவது கட்லட்டைக் கடித்துக் கண்ணில் தண்ணீர் வந்து நின்றபோது, மாமி முழுக்க மனம் குளிர்ந்துபோனார்.

நான் எவ்வளவு கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டே வானில் ஏறினேன்.

திரும்பி வரும் வழியில் மாமி ஒன்றும் பேசவில்லை. கர்க்லாண்டில் இருந்து வில்லரேக்கு வருவதற்குள் நாலு பேருடைய கதையைச் சொல்லி முடிக்கிற மாமி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தார். அவருடைய வலது கன்னம் கொஞ்சம் உப்பியிருந்த மாதிரியும் எனக்குப் பட்டது.

“அம்மா, ஆர் யூ ஓகே?” என்றான் மிதுசன்.

“ம்,” என்றார் மாமி. வாய் திறக்கவில்லை.

அப்பா என் காதுக்குள் குனிந்தார். “என்ர புகையிலையடி அது,” என்றார் ஏக்கமாக.

“அப்பா! மாமியும் போடுறவவோ?”

“எனக்குப் பழக்கினதே அவதான்.”

நான் வாயைப் பொத்திச் சிரித்தேன். ஆகவே மாமி ஆசையில் மாட்டிக்கொண்டார், என் மொழிபெயர்ப்பு வேலை செய்தது, அவ்வளவுதான். அப்படி நினைத்துக்கொண்டு சீற்றில் சாய்ந்தேன்.

பிறகுதான் அந்தக் கை ஞாபகம் வந்தது.

மாமி எந்தக் கையால் வாங்கினார்? குடை சோத்துக்கையில். நீட்டியது இடக்கை. பையைச் சேற்றில் வைத்துவிட்டு விபூதி வாங்குகிற மாமி, குடையை மாற்றிப் பிடிக்காமல் இடக்கையை நீட்டினார். இடக்கையால்தான் வாங்கவேண்டும் என்று ஷான்டால் சொன்னதை நான் மாமிக்கு மொழிபெயர்க்கவே இல்லையே! வாயைத் திறந்தேன், புகையிலை மணத்தில் அது அப்படியே நின்றுபோனது.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். “அப்பா, மாமிக்குப் பிரெஞ்சு தெரியுமோ?”

அப்பா யோசித்தார். “வந்த புதுசில ஷபனெல் தெருவில தையல் பக்ரரியில வேலைக்கு நிண்டவ, நான் வரமுதல். எல்லாம் பிரெஞ்சுப் பொம்பிளையள்தான். கதைச்சு நான் கேக்கேல்லை. ஆனா ஏதோ பகிடி சொல்லி அதுகள் சிரிக்க இவவும் சிரிச்சுக்கொண்டு நிக்கிற படம் ஒண்டு வீட்டில கிடக்கு.”

முன் சீற்றைப் பார்த்தேன். மாமியின் தலை அசையவில்லை. கண்ணாடியில் அவருடைய கண் மட்டும் ஒரு தடவை என் கண்ணைச் சந்தித்து, உடனே காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டது. கன்னம் இன்னும் உப்பியே இருந்தது.

அடுத்த கிழமை நான் போகிறேன், பூட்ஸ்கூட வாங்கியாயிற்று. மாமியிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டால் ஓம் என்றது இல்லை என்று மாறிவிடுமோ என்று பயம். ஆகவே உங்களிடம் கேட்கிறேன்: மாமி அன்றைக்குப் புகையிலை ஆசையில்தான் கையை நீட்டினாரா, குடையால் கை மாறிப்போனதா, இல்லாவிட்டால் ஷான்டால் சொன்ன ஒவ்வொரு சொல்லும் விளங்கித்தான், என் பொய்யையும் கேட்டுக்கொண்டு, என்னை அந்தக் காட்டுக்கு விட்டாரா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?